கன்னிமூலையில் ஒரு பாதி உருண்டை

பம்பாய்
8 ஜனவரி 1978

விலாசினி,

உட்கார்ந்து எழுதப் பொறுமை இல்லை. நின்றுகொண்டே எழுதுகிறேன். கையெழுத்தைத் திட்டாதே.

கல்யாணத்துக்கு வந்தபோது பொழியூர்க் கடற்கரையில் வைத்து உனக்கு ஒரு பாதி உருண்டை தந்தேனே, நினைவிருக்கிறதா? “உலகத்தில் இதுபோல இன்னொன்று கிடையாது” என்று நான் பெருமையடித்தேன். நீ திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஈயக்குண்டு மாதிரில்லா இருக்கு” என்றாய். அதன் மற்றப் பாதிதான் நேற்று என்னைப் பைத்தியமாக அடித்துவிட்டது.

முதலிலிருந்து சொல்கிறேன். எர்பியம், ஹோல்மியம் என்று இரண்டு அருமண் உலோகங்கள். மணவாளக்குறிச்சிக் கருமணலில் இருக்கிற சரக்குக்கு இவை சொந்தபந்தம் என்று வைத்துக்கொள். இரண்டையும் ரோடியம், போரான் என்ற வேறு இரண்டோடு சேர்த்துச் செம்புத் தட்டில் வைத்து மின்பொறியால் உருக்கினேன். ஆறும்போது உருண்டை இரண்டாகப் பிளந்துவிட்டது. ஒரு பாதி உனக்கு, ஒரு பாதி எனக்கு. என் பாதியைத் திரவ ஹீலியத்தில் குளிரவைத்து மின்சாரம் விட்டேன். ஓர் அளவுக்குக் கீழே போனதும் மின்தடை சட்டென்று பூஜ்யமாகிவிட்டது. பூஜ்யம் என்றால் பூஜ்யம்தான். மின்சாரம் தடையே இல்லாமல் ஓடுகிறது. அதுவரை நாங்கள் எதிர்பார்த்ததே. பூஜ்யம் வந்தால் ஹீலியத்தை மேலும் குளிரவைக்கிற பம்பை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போவது எங்கள் வழக்கம்.

நேற்று பம்பை நிறுத்த மறந்துபோனேன். காரணம் நம்மூர் பொன்னப்பன். துபாய் விசாவுக்குக் காத்து என் அறையில்தான் தரையில் படுத்திருக்கிறான். ஆராய்ச்சிக்கூட வாசலில் வந்து நின்று காவல்காரனோடு ஒரே சண்டை. “எலே மணியா, மீன்கறி ஆறிப்போவும். வாறியா, இல்ல நான் உள்ள வரட்டா?” அவனைச் சமாதானப்படுத்திச் சாப்பிட்டுத் திரும்பி வந்தால் பம்பு ஓடிக்கொண்டே இருக்கிறது, ஹீலியம் இன்னும் குளிர்ந்துவிட்டது, காகிதத்தில் கோடு போடும் பேனா மேலே ஏறி நிற்கிறது! போன தடை திரும்பி வந்துவிட்டது!

புரிகிறதா? குளிரக் குளிர அந்தப் பூஜ்யம் உறுதிப்பட வேண்டும். இது குளிர்ந்து பூஜ்யமாகி, இன்னும் குளிர்ந்ததும் பழையபடி ஆகிவிட்டது. அருமண் அணுக்களுக்குள் தூங்கிக்கொண்டிருந்த காந்தம் அந்தக் குளிரில் விழித்து எல்லாவற்றையும் கலைத்துவிட்டது என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் ஹோல்மியம் சேர்க்காமல் எர்பியம் மட்டும் போட்டு உருக்கியதில் ஒரு கூட்டத்தார் இப்படிப் பார்த்ததாகக் கட்டுரை வந்திருக்கிறது. அதற்கு அசுரக் குளிர் வேண்டும். நான் ஹோல்மியம் கலந்ததால் எங்களுடைய சாதாரணப் பம்புக்கே எட்டுகிறது. விலாசினி, எட்டுகிறது!

புரொஃபசர் நம்பவில்லை. “கம்பி கழன்றிருக்கும்” என்கிறார். நம்பவைக்கிறேன் பார்.

நீ சுகம்தானே?

மணியன்


பாறசாலை
16 ஜனவரி 1978

அன்புள்ள அத்தானுக்கு,

உருண்டைக்கு மூன்று பக்கம், பெண்டாட்டிக்கு “நீ சுகம்தானே” என்று ஒற்றை வரி. சுகம்தான். கல்யாணச் சேலையின் மடிப்புக் கலையுமுன் வண்டியேறிப்போனவருக்கு இந்த ஒரு வரியாவது தோன்றியதே, பெரிய காரியம்.

கோபத்தோடுதான் வாசிக்கத் தொடங்கினேன். பேனா மேலே ஏறிய இடத்தில் எனக்கே மயிர்க்கூச்செடுத்துவிட்டது, என்ன செய்ய? சோறு அடுப்பில் குழைந்துபோனது. மாமி, “என்ன பிள்ளே, அவனுக்கு சம்பளம் கூட்டிக் குடுத்தானுவளா?” என்று கேட்டாள். “இல்ல மாமி, போனது திரும்பி வந்துட்டாம்” என்றேன். “போனது வந்தா நல்லதுதானே. பின்ன என்னத்துக்குச் சோத்தைக் குழைச்சே?” என்றாள் உங்கள் அம்மா.

இனி நம் சேதி. தை பிறந்த மறுநாள் வீட்டுக்குக் கல்லிட்டாயிற்று! துபாயிலிருந்து பெரிய அத்தான் குட்டப்பன் அனுப்பியதில் அஸ்திவாரம் எழும்புகிறது. நிலக்காரர் மண்ணில் குடியிருந்தவர்களுக்குச் சர்க்கார் கொடுத்த குடிகிடப்புப் பட்டயத்தில் கிடைத்த அதே பத்து சென்ட், ஓலைப்புரை நின்ற அதே இடம். மாமி அன்றைக்குப் புதுச் சேலை உடுத்துக்கொண்டு கன்னிமூலையில் நின்ற நிற்பைப் பார்த்திருக்க வேண்டும். திருவிதாங்கூரே அவளுக்குப் பட்டயமானதுபோல இருந்தது.

கல்லுக்கு அடியில் வைக்கத் தங்கம், வெள்ளி, செம்பு, இரும்பு எல்லாம் தட்டான் கொண்டுவந்தான். ஐந்தாவது ஈயத்தை மறந்துவிட்டான். முகூர்த்தம் தப்பப் பார்த்தது. கொத்தன் ரெத்தினதாஸ் கரண்டியோடு நிற்கிறார், மாமி அழப்போகிறாள். நான்தான் சமாளித்தேன். உங்களுடைய பங்கும் அந்தக் கல்லில் உண்டு என்று மட்டும் இப்போது சொல்கிறேன். மிச்சத்தை வரும்போது சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் லீவில் போன டீச்சருக்குப் பதிலாகக் கிடைத்த என் லீவு வேக்கன்சி வேலை இந்த மாதத்தோடு தீர்கிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு நேரத்தில் உங்கள் பூஜ்யத்தைச் சொன்னேன். ஒரு பெண் எழும்பி, “டீச்சர், அது எதுக்குத் திரும்பி வருது?” என்றாள். உங்கள் புரொஃபசரைவிட அவள் புத்திசாலி.

விலாசினி


பம்பாய்
25 ஜனவரி 1978

விலாசினி,

இதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கடிதத்தைக் கிழித்துக் கிழித்து எழுதுகிறேன். உனக்குத் தந்த பாதியைத் திருப்பித் தர வேண்டும்.

கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறவன் மனுசனா என்று நீ கேட்பாய். கேள். ஆனால் முதலில் இதை வாசி. என் பாதியில் வேறு சரக்குக் கலப்பு உண்டா என்று பார்க்க, புரொஃபசர் அதை எக்ஸ்ரே படத்துக்கு அனுப்பினார். படம் எடுக்க உரலில் போட்டு மாவாகப் பொடித்துவிட்டார்கள். படம் சுத்தம், கலப்பு இல்லை. உருண்டைதான் இல்லை. மாவில் மின்தடை அளக்க முடியாது.

புதிதாக ஒன்று செய்யலாமே என்பாய். ரோடியம் தீர்ந்துவிட்டது. வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் அன்பளிப்பாகத் தந்துபோன துண்டு அது. இன்னொன்றை இறக்குமதி செய்ய அனுமதி வருவதற்குள் எனக்குத் தலை நரைத்துவிடும்.

நேற்று புரொஃபசர் அழைத்து உட்காரவைத்துச் சொன்னார். பிப்ரவரி கடைசியில் ஒரு தடவை எனக்கு ஹீலியம் தருவார்கள். அதில் மறுபடி காட்டினால் அது என்னுடைய கண்டுபிடிப்பு. இல்லையென்றால் இதை விட்டுவிட்டு வேறு தலைப்பு, முதலிலிருந்து. அது போகட்டும். கூடத்தில் நான் நடந்து போனால் “கழன்ற கம்பி” என்று சிரிக்கிறார்கள், விலாசினி. பொய் சொன்னவனைப் பார்ப்பதுபோல ஒரு சிரிப்பு.

நம்மூர் வேலாயுதன் அபுதாபிக்குப் போக அடுத்த மாதம் பம்பாய் வருகிறானாம். அவன் வசம் அனுப்பு. சோப்பு டப்பாவில் பஞ்சு வைத்து, அதற்குள் உருண்டை. உடையக்கூடியது, கண்ணாடிபோல. வேறு ஒன்றும் செய்ய வேண்டாம். வேலை முடிந்ததும் உனக்கே திரும்ப வந்துவிடும், சத்தியம்.

மணியன்


பாறசாலை
1 பிப்ரவரி 1978

அத்தானுக்கு,

சோப்பு டப்பாவுக்கு எங்கே போவேன்? உருண்டை கன்னிமூலையில் கல்லுக்கு அடியில் இருக்கிறது.

ஈயம் இல்லாமல் எல்லாரும் முழித்துக்கொண்டு நின்றபோது இடுப்பு முடிச்சில் உங்கள் உருண்டை இருந்தது. நான் அதை எப்போதும் முடிந்துதான் வைத்திருந்தேன். உலகத்தில் இதுபோல வேறு கிடையாது என்று யார் சொன்னது? நான் சொன்னேனா? இதைவிட விலைப்பட்டது இந்த வீட்டுக்கு அடியில் வேறு என்ன போடுவது என்று எடுத்து வைத்தேன். மாமி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “எனக்க மோன் உருக்கினதாக்கும்” என்று ஊர்முழுக்கச் சொன்னாள். பால் விட்டார்கள், நெல் போட்டார்கள், கல்லை இறக்கினார்கள். இப்போது அந்த மூலையில் சுவர் முழங்கால் உயரம் வந்துவிட்டது.

வைத்த கல்லை எடுப்பதா? கேட்கவே வாய் கூசுகிறது. உங்களுக்குத் தெரியாததா? நிலக்காரர் வீட்டு ஆள் ஒரு மாலையில் வந்து “புரையைப் பிரி” என்றால் மறுநாள் பிரிக்க வேண்டும் என்று வாழ்ந்தவள் உங்கள் அம்மா. முருங்கைக் கம்பு ஊன்றியதற்கு அதைப் பிடுங்கி அவள் கையிலேயே கொடுத்தார்களாம். அவள் ஆயுசில் இதுதான் யாரும் எடுக்க முடியாத முதல் கல். அதைப் போய் நான் எடுக்கச் சொல்லவா? வந்து மூன்று மாதம் ஆகாத மருமகள்?

எனக்கு உங்கள் மேல் கோபம் கோபமாக வருகிறது. கடற்கரையில் வைத்து அத்தனை பெரிய பேச்சுப் பேசாமல், “இது ஒரு சாதனம், பத்திரமாக வை, வேண்டிவரும்” என்று சொல்லியிருக்கக் கூடாதா?

ஒன்று மட்டும் கேட்கிறேன். நேராகப் பதில் வேண்டும். அது உண்மையிலேயே திரும்பி வந்ததா? புரொஃபசர் சொல்வதுபோலக் கம்பிதான் கழன்றதோ என்று உங்கள் நெஞ்சில் ஒரு மூலையிலாவது சந்தேகம் இருக்கிறதா? கழன்ற கம்பிக்காக நான் மாமியின் முன் போய் நிற்கமாட்டேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

விலாசினி


பம்பாய்
8 பிப்ரவரி 1978

விலாசினி,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு முதலில் தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. பொன்னப்பன் எழும்பி, “என்னலே, பேய் பிடிச்சிட்டா?” என்றான். உலகத்தில் எத்தனையோ ஆராய்ச்சிக்கூடங்களில் உருண்டை தொலைந்திருக்கும். வீட்டுக்கு அடியில் பாலூற்றிப் புதைத்தது நாமாகத்தான் இருப்போம்.

நேராகக் கேட்டாய், நேராகச் சொல்கிறேன். அன்றைக்குப் பேனா மேலே ஏறி நின்றதைப் பார்த்ததும் எனக்கும் முதலில் தோன்றியது கம்பிதான். ஆகையால் பம்பைக் குறைத்து மெதுவாகச் சூடேற்றிப் பார்த்தேன். பேனா இறங்கியது. பூஜ்யத்துக்குத் திரும்பியது. இன்னும் சூடேற்றினேன், முதலில் எங்கே பூஜ்யமானதோ அந்த இடத்தில் ஏறியது. போன வழியிலேயே திரும்பி நடந்து வந்தது. கழன்ற கம்பி தானாகப் போய் ஒட்டிக்கொள்ளுமா, அதுவும் சரியான நேரம் பார்த்து? அந்தக் காகிதத்தைப் புரொஃபசரிடம் காட்டினேன். “ஒருதரம் நடந்தது நடந்ததே அல்ல” என்றார். அதுவும் நியாயம்தான். அவர் இடத்தில் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

எனக்குச் சந்தேகம் இல்லை. அது வந்தது.

ஆனால் கல்லைத் தொடாதே. நிஜமாகச் சொல்கிறேன். முருங்கைக் கம்பு கதை எனக்குத் தெரியும், அதைப் பிடுங்கியபோது நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் வேறு தலைப்பு எடுத்துக்கொள்கிறேன். ரோடியம் என்றைக்காவது வரும். அம்மாவிடம் ஒன்றும் சொல்லாதே. உருண்டை அங்கேயே இருக்கட்டும். வீட்டுக்காவது உறுதியாக இருக்கும்.

இதை எழுதிவிட்டு அந்தக் கோட்டுக் காகிதத்தை மறுபடி எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதையும் உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்?

மணியன்


பாறசாலை
15 பிப்ரவரி 1978

அத்தானுக்கு,

எடுத்துவிட்டோம்!

நீங்கள் தொடாதே என்றீர்கள். போன வழியிலேயே திரும்பி வந்தது என்றும் எழுதினீர்கள். அதை வாசித்த பிறகு யாரால் சும்மா இருக்க முடியும்? ராத்திரி முழுக்கப் புரண்டேன். காலையில் செங்கல்லுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மாமியின் முன் போய் நின்றேன். 

“மாமி, அத்தானுக்கு அந்த உருண்டை வேணுமாம்.”

“எந்த உருண்டை?”

மூலையைக் காட்டினேன். குடத்தைக் கீழே வைத்தாள். முகம் கறுத்துவிட்டது. “வச்ச கல்லை எடுக்கச் சொல்லுதியா? ஆரு சொல்லித் தந்தா உனக்கு?” என்றாள். வேலை போய்விடுமா என்று கேட்டாள். போகாது என்றேன். சம்பளம்? அதுவும் போகாது. “பின்ன என்னத்துக்கு?” என்றாள்.

நான் என்ன சொல்வேன்? காந்தம், குளிர் எல்லாம் வாயில் வரவில்லை. “அத்தான் ஒரு காரியத்தைக் கண்ணால கண்டாரு மாமி. கண்டதைச் சொன்னாரு. அஞ்ச பம்பாயில உள்ளவங்க நம்பல. கள்ளம் சொன்னான்னு சிரிக்காங்க. அந்த உருண்டை இருந்தா மறுபடியும் காட்டலாம்” என்றேன்.

அவ்வளவுதான். அத்தான், நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

“எனக்க மோன் கள்ளம் சொன்னான்னா பறையுதானுவ?” இடுப்பில் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். “ரெத்தினதாசே! எடுவும் கம்பிப்பாரையை!”

ரெத்தினதாஸ் வெலவெலத்துப்போனார். “அக்கா, நான் வேதக்காரன். ஆனாலும் வச்ச கல்லை நான் எடுக்க மாட்டேன். எனக்கும் பிள்ளை குட்டி உண்டு” என்று கரண்டியைப் போட்டுவிட்டு மாமரத்தடியில் போய் நின்றுகொண்டார். மாமி பாரையை அவளே எடுத்தாள். முதல் செங்கல்லை அவளே நெம்பித் தள்ளினாள். “வச்சது நானாக்கும். எடுக்கேதும் நானாக்கும். தெய்வத்துக்குக் கோவம் வந்தா எனக்க கிட்ட கேக்கட்டும்” என்றாள். அதற்குப் பிறகு அவருக்கு வெட்கமாகிவிட்டது போலிருக்கிறது, சிலுவை வரைந்துவிட்டு வந்து மிச்சத்தை அலுங்காமல் பிரித்தார்.

குழியில் கையை விட்டது மாமிதான். இரும்பு துருப்பிடித்திருந்தது. வெள்ளி கறுத்துவிட்டது. உங்கள் உருண்டை மட்டும் நீங்கள் தந்த அன்றைக்கு இருந்ததுபோலவே பளபளவென்று இருந்தது, ஒரு பொட்டு அழுக்கு இல்லை. மாமி அதை முந்தானையில் துடைத்து என் கையில் வைத்தாள்.

பிறகு ஒரு நிபந்தனை போட்டாள். கல்லை மறுபடி வைப்பது மகனுடைய கையால்தான். ஜோசியரிடம் கேட்டு மாசி பதினெட்டு, மார்ச் இரண்டாம் தேதி வியாழக்கிழமை என்று குறித்தாயிற்று. அதுவரை மூலை திறந்தே கிடக்கும், ஒரு செங்கல் ஏறாது. ஊரில் எல்லாரும் வந்து குழியை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஒருத்தி “இது குடும்பத்துக்கு ஆவாது” என்று என் காதில் படச் சொன்னாள். மாமி உங்களுக்காக வாக்குக் கொடுத்துவிட்டாள், நானும் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு நீங்கள் இங்கே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் நான் இந்த வீட்டில் நிற்க முடியாது, இப்போதே சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. வேலாயுதன் வசம் அனுப்பமாட்டேன். அவன் சோப்பு டப்பா என்று நினைத்துக் குளிக்கப் போய்விடுவான். குவைத்துக்கு நர்ஸ் வேலைக்குப் போகிற அதியன்னூர் சௌதாமினி அக்கா இந்த பிப்ரவரி பதினெட்டாம் தேதி திருவனந்தபுரத்தில் ரயிலேறுகிறாள். அவளோடு நானே வாறேன். உருண்டை என் இடுப்பு முடிச்சில் வரும். ஸ்டேஷனில் வந்து நில்லுங்கள். மறந்து பம்பு பார்க்கப் போய்விட வேண்டாம்.

விலாசினி


பம்பாய்
2 மார்ச் 1978, வியாழன் மாலை

அத்தான்! அத்தான்! அத்தான்!

வந்தது! தந்தி முதலிலேயே அடித்துவிட்டேன், உங்கள் ஆராய்ச்சிக்கூடத் தோழர் தேஷ்முக்தான் தபாலாபீசுக்கு ஓடினார். ஆனால் தந்தியில் என்ன எழுத முடியும்? உட்கார்ந்து எழுதப் பொறுமை இல்லை, நானும் நின்றுகொண்டே எழுதுகிறேன்.

திங்கட்கிழமை கல்லிட உங்களை ஊருக்கு வண்டியேற்றிவிட்டு, உங்களுக்குப் பதில் இங்கே நான் நின்றுகொண்டபோது எனக்கு உள்ளுக்குள் ஆடிப்போயிருந்தது. ஹீலியம் எந்திரம் கெட்டுப்போய், நாள் தள்ளித் தள்ளி, கடைசியில் உங்கள் கல்லிடலும் இங்கே அளப்பதும் ஒரே நாளில் வந்து விழுந்ததே, அது யார் செய்த சதி? நீங்கள் ரயில் படியிலிருந்து இரண்டு தடவை இறங்கப் பார்த்தீர்கள். நான் முதுகில் கைவைத்துத் தள்ளாவிட்டால் இறங்கியே இருப்பீர்கள். “எல்லாம் மாட்டிவைத்துவிட்டேன், கம்பி நாலும் நானே பற்றவைத்தது, தேஷ்முக் பார்த்துக்கொள்வான்” என்று எனக்குச் சொன்னீர்களா, உங்களுக்கே சொல்லிக்கொண்டீர்களா தெரியாது. கண் கலங்கியிருந்தது. நான் பார்க்காததுபோல நின்றேன்.

இன்று காலையில் நான் தங்கியிருக்கிற வீட்டில் தேஷ்முக்கின் அம்மா என் தலையில் பூ வைத்து அனுப்பினாள். உள்ளே விடுவார்களா என்று பயம். புரொஃபசர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு நாற்காலியைக் காட்டினார். தேஷ்முக் என்னைச் சும்மா உட்காரவிடவில்லை. வெப்பமானியை வாசித்துச் சத்தமாகச் சொல்கிற வேலை எனக்கு. அத்தான், உங்கள் பூஜ்யத்துக்கு நான் எண் சொன்னேன்!

குளிர்ந்துகொண்டே வந்தது. சட்டென்று பேனா பூஜ்யத்துக்கு விழுந்தது.  புரொஃபசர் வழக்கம்போல டீக்கு எழும்பினார். நான் இங்கிலீஷில் என்ன சொன்னேனோ தெரியாது, “சார், உட்காருங்கள்” என்று கையால் காட்டியதுதான் நினைவிருக்கிறது. உட்கார்ந்துவிட்டார். பம்பு ஓடிக்கொண்டிருந்தது. நான் எண் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பேனா அடிமட்டத்தில் செத்துக் கிடந்தது. இன்னும் குளிர்ந்தது. ஒன்றும் இல்லை. எனக்குக் குழியும் பாரையும் மாமியின் முகமும்தான் கண்ணில் வந்தன. போச்சு, ஒரு கிழவியின் கல்லைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டோமே என்று நினைத்தேன். அதே நினைப்பில் அடுத்த எண்ணைத் தப்பாகச் சொல்லித் திருத்தினேன்.

அப்போது பேனா அசைந்தது. முதலில் நடுங்கியது. பிறகு ஏறியது. நேரே மேலே ஏறியது! “வந்துட்டு! வந்துட்டு!” என்று நான் கத்தினேன். அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது, எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

புரொஃபசர் மட்டும் கத்தவில்லை. சூடேற்றச் சொன்னார். இறங்கியது. குளிர்விக்கச் சொன்னார். ஏறியது. “மறுபடி” என்றார். மறுபடியும் அதே வழியில். கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார், ஒன்றும் கழலவில்லை. கடைசியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “மணியனிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்” என்றார். இந்தப் பாதி இவ்வளவு நாள் எங்கே இருந்தது என்று விசாரித்தார். வீட்டு அஸ்திவாரத்துக்கு அடியில் என்று நான் சொல்ல, தேஷ்முக் அதையே நல்ல இங்கிலீஷில் திருப்பிச் சொல்ல, “அந்த அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்” என்றார். சொல்லிவிடுங்கள்.

இந்நேரம் கல் வைத்திருப்பீர்கள். ஒன்றும் தெரியாமல் வைத்திருப்பீர்களே என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் சந்தோஷத்தில் பாதியை இப்போதே உங்களிடம் சேர்க்க வழி இல்லையே.

விலாசினி


பாறசாலை
3 மார்ச் 1978

என் விலாசினிக்கு,

உன் தந்தி இன்று மத்தியானம் வந்தது. “வந்தது. மூன்று தடவை வந்தது. விலாசினி.” தபால்காரர் யாரோ குழந்தை பெற்றதாக நினைத்துக்கொண்டு, “மூணுமா?” என்று கேட்டார். நான் அவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன்.

ஆனால் உனக்கு நேற்றைய கதையை முதலில் சொல்ல வேண்டும்.

முகூர்த்தத்துக்கு ஊரே கூடிவிட்டது. கல்லை எடுத்த குடும்பம் என்னவாகும் என்று பார்க்க வந்த கூட்டம். உருண்டையை அளவுக்கு அறுத்தபோது உதிர்ந்த ஒரு பொடித்துண்டை நான் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் கொண்டுவந்திருந்தேன், நெல்மணியைவிடச் சிறியது. இந்தத் தடவை தட்டான் ஈயத்தை மறக்காமல் கொண்டுவந்தான். அம்மா அதை வாங்கவில்லை. என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். பொடித்துண்டை அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

“அது வந்துதா மக்களே?” என்று என்னிடம் கேட்டாள்.

“தெரியாதும்மா. இன்னைக்குத்தான் அஞ்ச பம்பாயில பாக்காங்க.”

கூட்டம் முழுக்கக் கேட்டுக்கொண்டு நின்றது.  ஒருவேளை வராமல் போனால் அம்மாவை இத்தனை பேர் முன்னால் நிற்கவைத்ததற்கு என்ன பதில் சொல்வேன்? “கொஞ்சம் பொறுப்போம்மா. தந்தி வரட்டும். வரலேன்னா ஈயத்தை வைப்போம்” என்றேன்.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். சின்ன வயதில் அடிப்பதற்கு முன்னால் பார்ப்பாளே, அந்தப் பார்வை. “நீ கண்டியா, இல்லியா?”

“கண்டேன்.”

“பின்ன தந்தி என்னத்துக்கு? பிடி கல்லை.”

குழியில் அந்தத் துண்டை அவள் போட்டாள். நான் கல்லை இறக்கினேன். ரெத்தினதாஸ் என்னைவிடச் சந்தோஷமாகச் சாந்து பூசினார்.

இன்று தந்தியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அம்மா கன்னிமூலைச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். “அம்மா, வந்துட்டு! மூணு தடவை வந்துட்டு!” என்று கத்தினேன். மூச்சு வாங்கியது, கண்ணில் தண்ணீர். அவள் குடத்தைச் சரித்தது சரித்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“அதுதான் நேத்தே வச்சாச்சே,” என்றாள். “நின்னு விளிக்காத. வெயிலு காயுது, சுவரு உணங்குது. அந்தக் குடத்தை எடு.”

எடுத்தேன். பொழுது சாயும்வரை இரண்டு பேரும் தண்ணீர் ஊற்றினோம்.

மணியன்